வாடகைக்கு விடும் அலுவலகக் கட்டடத்தை ஸ்மார்ட்டாக்க எதற்குச் செலவு செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது: பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது. தளங்களைப் பல நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் திட்டம். மூன்று ஆலோசகர்கள் மூன்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் செயலி என்கிறார், ஒருவர் ஆயிரக்கணக்கில் சென்சார் என்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்கிறார். பணத்தை எதில் போடுவது, எதை விட்டுவிடுவது?

கட்டி முடித்தபின் மாற்றவே முடியாதவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். எளிதில் மாற்றக்கூடியவற்றை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். உங்கள் கையில் இருக்கும் மூன்று பட்டியல்களும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

ஒரு கட்டடத்துக்குள் வெவ்வேறு ஆயுள் கொண்ட பொருட்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. கான்கிரீட் ஐம்பது ஆண்டுக்கு மேல் நிற்கும். ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரமான சில்லர் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். ஏசியைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்கள் பத்து, பதினைந்து ஆண்டு. நெட்வொர்க் சுவிட்சுகள் ஐந்து முதல் ஏழு ஆண்டு. மொபைல் செயலி என்றால் இரண்டு மூன்று ஆண்டிலேயே பழையதாகிவிடும். நீண்ட ஆயுள் கொண்ட ஒன்றைக் குறுகிய ஆயுள் கொண்ட இன்னொன்றோடு பிரிக்க முடியாதபடி கட்டிவைத்தால் பின்னால் வலிக்கும். அமெரிக்காவின் பெரிய மொபைல் நிறுவனங்கள் 2022-ல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பி வைத்திருந்த லிஃப்ட் அவசரத் தொலைபேசிகளையும் அலாரம் பேனல்களையும் மாற்ற வேண்டியிருந்தது. லிஃப்ட் நன்றாகத்தான் இருந்தது, அதற்குள் இருந்த சிறிய மோடத்தின் காலம்தான் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தபோதும் இதே நிலைமைதான். கட்டட மேலாண்மை அமைப்பின், அதாவது பி.எம்.எஸ்.-இன் மென்பொருள் அந்த விண்டோஸில் மட்டும் ஓடும் என்றால், சில்லர் பேனலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கணினியை மேம்படுத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது.

ஆகவே முதல் செலவு இடத்துக்கு. வரைபட நிலையில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய முடியும். கட்டடத்தின் எதிரெதிர் பக்கங்களில் ஃபைபர், அதாவது இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழை கேபிள், நுழைய இரண்டு வழிகள் கேளுங்கள். சாலையைத் தோண்டும் ஒரு இயந்திரம் ஒரு வழியை அறுத்தாலும் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டு வழிகளிலிருந்தும் மேல்தளம் வரை தனித்தனி ஷாஃப்ட், அதாவது கேபிளுக்கான செங்குத்து வழி, போக வேண்டும். ஒரே ஷாஃப்டுக்குள் இரண்டு கேபிளையும் விட்டுவிட்டு மாற்று வழி இருக்கிறது என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் நெட்வொர்க் அறை ஒன்றின் மேல் ஒன்றாக வர வேண்டும். செப்பு கேபிளில் சுவிட்சிலிருந்து கருவி வரை மொத்தம் 100 மீட்டர்தான் வரம்பு. ஃபால்ஸ் சீலிங்குக்குள் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, சுற்றி வளைத்துப் போகிறது என்பதால், அகலமான தளத்தில் ஒரு மூலையில் அறை வைத்தால் மறுமூலைக்கு எட்டாது. அந்த அறைக்கு இரவிலும் ஓடும் தனி ஏசி, யு.பி.எஸ். மின்சாரம், தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய் இல்லாத இடம் மூன்றும் அவசியம். கட்டடக் கலைஞர் இந்த அறைகளைச் சுருக்கி வாடகைப் பரப்பைக் கூட்டப் பார்ப்பார். அவர் கணக்கு அவருக்கு நியாயம். ஆனால் அந்தச் சில சதுர மீட்டர் பின்னால் எந்த விலைக்கும் கிடைக்காது.

ஷாஃப்டில் ஓடி எல்லாத் தளங்களையும் இணைக்கும் முதுகெலும்புக் கேபிளுக்கு சிங்கிள்மோட் வகை ஃபைபர் போடுங்கள். இரு முனைகளிலும் உள்ள மின்னணுக் கருவிகளை மாற்றினாலே வேகம் கூடும், கண்ணாடி இழை அப்படியே இருக்கும். தளங்களுக்குள் கேட் 6ஏ வகைச் செப்பு கேபிளைக் கூரைக்கும் கொண்டுபோங்கள், மேசைக்கு மட்டும் போதாது. வைஃபை, கேமரா, சென்சார் எல்லாம் கூரையில்தான் வரப்போகின்றன. அதே கேபிளில் மின்சாரமும் போகிறது. இந்த நுட்பத்தின் 2003-ஆம் ஆண்டுத் தரம் ஒரு இணைப்புக்கு 15.4 வாட் தந்தது, 2009-ல் அது 30 வாட் ஆனது, 2018-ல் 90 வாட் வரை வந்துவிட்டது. அவ்வளவு மின்சாரம் ஓடும் கேபிள்களை நூறு நூறாகக் கட்டிப் போட்டால் நடுவில் இருப்பவை சூடாகும் என்பதையும் கேபிள் போடுபவரிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, பலரும் கடைசியில்தான் நினைப்பார்கள்: மொபைல் சிக்னல். வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. அது சூரிய வெப்பத்தோடு சேர்த்து ரேடியோ அலைகளையும் திருப்பி அனுப்பிவிடும். மின்சாரத்தைச் சேமிக்கும் நல்ல கண்ணாடி போட்ட கட்டடத்தில்தான் போன் பேச முடியாமல் போகிறது. குடியேறியவர்களின் முதல் புகார் பெரும்பாலும் இதுதான், அடித்தள வாகன நிறுத்தத்தில் இன்னும் மோசம். உள்ளுக்குள் ஆன்டெனா வலையமைப்பு போட ஷாஃப்டிலும் மொட்டைமாடியிலும் இடமும் காலிக் குழாய்களும் இப்போதே ஒதுக்கிவையுங்கள். கருவிகளைப் பிறகு வாங்கலாம். கட்டடத்தின் இணைய வசதியை மட்டும் மதிப்பிட்டுச் சான்று தரும் வயர்ட்ஸ்கோர் 2013-ல் நியூயார்க்கில் தொடங்கியது. வாடகைக்கு வருபவர்கள் இதைத் தனியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அதுவே போதுமான அடையாளம்.

இரண்டாவது செலவு, கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழிக்கு. 'அறிவார்ந்த கட்டடம்' என்ற பேச்சு புதிதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் கட்டப்பட்ட சிட்டி பிளேஸ் கட்டடத்தைத்தான் அந்த வகையில் முதல் கட்டடம் என்று பலரும் குறிப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தன் சொந்த மொழியில் பேசியது. ஏசி கன்ட்ரோலர் வாங்கிய இடத்திலேயே ஆயுள் முழுக்க உதிரிபாகமும் வாங்க வேண்டும். இதை உடைக்க ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பு 1987-ல் உருவாக்கத் தொடங்கிய பொது மொழிதான் பேக்நெட். 1995-ல் தரநிலையாக வெளியாகி, 2003-ல் ஐ.எஸ்.ஓ. தரமும் ஆனது. மீட்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் 1979-இல் வந்த மோட்பஸ் என்ற மொழி இன்றும் ஓடுகிறது. விளக்குகளுக்கு டாலி என்ற மொழி இருக்கிறது.

டெண்டரில் 'பேக்நெட் வசதி உண்டு' என்று ஒரு வரி இருந்தால் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது போதாது. சில்லருக்குள் நூற்றுக்கணக்கான அளவீடுகள் இருக்கும், விற்பவர் அதில் பத்தை மட்டும் வெளியே காட்டிவிட்டு மீதிக்கு உரிமக் கட்டணம் கேட்கலாம். கன்ட்ரோலரின் நிரலை மாற்றும் மென்பொருளும் அதன் கடவுச்சொல்லும் ஒப்பந்தக்காரரிடமே இருந்தால், மொழி பொதுவாக இருந்தும் உங்கள் கை கட்டப்பட்டதுதான். எந்தெந்த அளவீடுகளைப் படிக்கலாம், எவற்றை வெளியிலிருந்து மாற்றலாம் என்ற முழுப் பட்டியலை வாங்கும் முன்பே கேளுங்கள். நிரல்களின் பிரதி, மென்பொருள் உரிமம், நிர்வாகிக் கடவுச்சொல் மூன்றும் கட்டட உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அப்புறம் பெயர்கள். இதைச் சாதாரண விஷயமாக நினைக்க வேண்டாம். ஐந்தாம் தளத்தின் ஏ.எச்.யு., அதாவது காற்றைக் குளிர்வித்து அனுப்பும் பெரிய யூனிட், அதிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலைக்கு ஒரு டெக்னீஷியன் ஒரு பெயர் வைப்பார். ஆறாம் தளத்தில் வேறொருவர் வேறு பெயர் வைப்பார். இப்படிப் பல ஆயிரம் அளவீடுகள் சேர்ந்தபின், எந்த எண் எந்தக் கருவியுடையது என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவர் மனதில் மட்டும்தான் இருக்கும். பிறகு எந்தப் பகுப்பாய்வு மென்பொருள் வாங்கினாலும் முதல் சில மாதங்கள் இந்தப் பெயர்களைச் சீர்செய்வதிலேயே கழியும். 2011-ல் தொடங்கிய பிராஜெக்ட் ஹேஸ்டாக், 2016-ல் வந்த பிரிக் ஆகியவை இதற்காகவே உருவான பொது விதிகள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லா ஒப்பந்தக்காரர்களும் அதன்படிதான் பெயரிட வேண்டும் என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. மூன்று பட்டியல்களில் ஒன்றில்கூட இது இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, இவ்வளவும் எதற்கு? பெரும்பாலும் ஏசிக்காகத்தான். அலுவலகக் கட்டடத்தில் மின்சாரத்தை அதிகம் தின்பது அதுதான், சேமிப்பும் அங்கேதான் கிடைக்கும். மின்விசிறியின் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனென்றால் மின்தேவை வேகத்தின் கனத்துக்கு (0.8 × 0.8 × 0.8) ஏற்ப மாறுகிறது. ஆகவே தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டு நிரலுக்கு எந்த அலங்காரத் திரையையும்விட மதிப்பு அதிகம். அந்த நிரல்களை எப்படி எழுத வேண்டும் என்று ஆஷ்ரே 2018-ல் கைடுலைன் 36 என்ற வழிகாட்டியே வெளியிட்டது. ஒப்பந்தக்காரர் தன் பழைய நிரலை ஒட்டிவிட்டுப் போகாமல் இருக்க, அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இதற்கு வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2009-ல், முறையாகச் சோதித்துச் சரிசெய்யப்பட்ட 643 கட்டடங்களின் கணக்கைத் தொகுத்தது. ஏற்கெனவே இயங்கிவந்த கட்டடங்களில் ஆற்றல் சேமிப்பின் இடைநிலை அளவு 16 சதவீதம். செலவிட்ட பணம் 1.1 ஆண்டில் திரும்பியது. இப்படிச் சோதிக்கும்போது அகப்படுபவை பெரிய விஷயங்களாக இருக்காது. விடுமுறை நாளிலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். குளிர்நீர் வால்வு முழுதாக மூடாமல் கசியும். ஒரே காற்றை ஒரு பக்கம் குளிர்வித்து மறுபக்கம் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள். வெப்பநிலை சென்சார் நகல் இயந்திரத்துக்கு மேல் மாட்டியிருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது, ஏனென்றால் ஒரு கருவியின் கோளாறை இன்னொரு கருவி கூடுதலாக ஓடிச் சமாளித்துவிடும். அறை வெப்பநிலை சரியாக இருக்கும், மின்கட்டணம் மட்டும் ஏறும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத கோளாறுகளைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் அமைப்புதான் என் கணக்கில் உண்மையான அறிவார்ந்த கட்டடம். அதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு பெரிய கருவிக்கும் தனி மின்மீட்டர் வேண்டும். வாடகைதாரருக்குத் தனிக் கணக்கு கொடுக்கவும் அதே மீட்டர் உதவும்.

சென்சார்கள் விஷயத்தில் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை மறைமுகமாகச் சொல்லி, வெளிக்காற்றைத் தேவையான அளவு மட்டும் உள்ளே விட உதவும் நல்ல கருவி அது. ஆனால் மலிவான வகைகளில் பல தம்மைத் தாமே சரிசெய்துகொள்ள ஒரு அனுமானம் வைத்திருக்கின்றன: சில நாட்களுக்கு ஒருமுறையாவது அறை காலியாகி, அளவு வெளிக்காற்றின் அளவான 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 400 பங்கு) அருகே இறங்கும் என்பது அது. இரவு பகலாக ஆட்கள் வேலை செய்யும் தளத்தில் அறை காலியாவதே இல்லை. அங்கே சென்சார் தவறான அடிப்படையைப் பிடித்துக்கொண்டு, காற்று நன்றாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். எந்தத் தளத்துக்கு எந்த வகை என்று யோசித்து வாங்கிய இருநூறு, யோசிக்காமல் வாங்கிய இரண்டாயிரத்தைவிட மேல்.

செயலி பற்றிக் கேட்டால் எல்லோரும் ஆம்ஸ்டர்டாமின் தி எட்ஜ் கட்டடத்தைக் காட்டுவார்கள். அது சிறப்பான கட்டடம்தான். பசுமைக் கட்டடங்களுக்கான பிரீம் மதிப்பீட்டில் 98 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஏறக்குறைய 28,000 சென்சார்கள் கொண்டது, விளக்குகள் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் எடுப்பவை, ஊழியருக்கு அன்றைய இருக்கையைச் செயலி சொல்கிறது. ஆனால் அங்கே பிரதான வாடகைதாரர் டெலாய்ட் என்ற ஒரே நிறுவனம். யார் ஊழியர், எந்த அறையை யார் பயன்படுத்தலாம் என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்ய முடிந்தது. உங்கள் கட்டடத்தில் பத்து நிறுவனங்கள் வந்தால், ஒவ்வொன்றும் தனக்கான அறை முன்பதிவு முறையையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுவரும். உரிமையாளரின் செயலியை நிறுவச் சொன்னால் அவர்களின் ஐ.டி. துறையே மறுக்கும். செயலிக்குப் பதிலாக, அவர்களின் மென்பொருள் உங்கள் வாயிற்கதவோடும் லிஃப்டோடும் பார்வையாளர் பதிவோடும் இணையத் திறந்த இணைப்பு வழிகளைத் தயாராக வையுங்கள். போக வேண்டிய தளத்தை வெளியிலேயே அழுத்தும் லிஃப்ட் முறை 1992-லேயே வந்துவிட்டது. நுழைவாயில் அட்டையோடு அது சேர்ந்து இயங்க வேண்டும் என்றால் லிஃப்ட் ஆர்டர் கொடுக்கும்போதே எழுதியாக வேண்டும்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் திருடப்பட்டன. குளிர்சாதன வேலை பார்த்த ஒரு ஒப்பந்தக்காரருக்குத் தந்திருந்த நுழைவு உரிமையைத் திருடித்தான் உள்ளே வந்தார்கள். ஏசி கருவி வழியாக அவர்கள் வரவில்லை, ஒப்பந்தக்காரரின் கணக்குக்கும் பணம் வாங்கும் இயந்திரங்களுக்கும் நடுவே போதிய தடுப்பு இல்லாததுதான் வழி விட்டது. அதே ஆண்டு சிட்னியில் கூகுள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் பி.எம்.எஸ்.-க்குள் இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இணையம் வழியாக நுழைந்து, நிர்வாகிக் கடவுச்சொல் வரை எடுத்துக் காட்டினார்கள். ஏற்கெனவே அறியப்பட்ட ஓட்டை, அடைக்கப்படாமல் இருந்தது.

பேக்நெட்டின் பழைய வடிவத்தில் நெட்வொர்க்குக்குள் வந்துவிட்ட எவரும் கருவிக்குக் கட்டளை கொடுக்கலாம், நீ யார் என்று அது கேட்காது. 2019-ல் வந்த பேக்நெட் செக்யூர் கனெக்ட் இதைச் சரிசெய்கிறது, புதுக் கட்டடம் என்பதால் அதையே கேளுங்கள். கட்டடக் கருவிகளின் நெட்வொர்க்கை வாடகைதாரர் நெட்வொர்க்கிலிருந்தும் பொது வைஃபையிலிருந்தும் பிரித்துவிடுங்கள். எந்தக் கன்ட்ரோலரும் நேராக இணையத்தில் தெரியக் கூடாது. வெளியிலிருந்து பழுதுபார்க்க வருபவருக்கு அந்த வேலைக்கான நேரத்துக்கு மட்டும், இரட்டைச் சரிபார்ப்போடு வழி திறக்க வேண்டும்.

தீயணைப்பு அமைப்பை மட்டும் எந்த ஸ்மார்ட் திட்டத்துக்கும் கீழே வைக்காதீர்கள். தீ அலாரம் அடித்தால் ஏ.எச்.யு. நிற்பதும் பூட்டிய கதவு திறப்பதும் நேரடி ஒயரிங்கில், ரிலே என்ற மின்சுவிட்ச் மூலம் நடக்க வேண்டும். பி.எம்.எஸ். அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், குறுக்கே நிற்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன்.

ஆட்கள் நடமாட்டத்தைக் கணக்கெடுக்கும் கருவிகளை வாங்கினால், எத்தனை பேர் என்று மட்டும் சொல்லி, யார் என்று சொல்லாத வகையாகப் பாருங்கள். வாடகைதாரரின் ஊழியர் எப்போது இருக்கையில் இருந்தார் என்பது உங்களுக்குத் தேவையில்லாத தகவல், வைத்திருந்தால் பொறுப்புதான் கூடும். தரவு யாருடையது, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். கூகுள் 2016-ல் தன் தரவு மையங்களில் தன்னுடைய செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் உதவியால் குளிரூட்டும் மின்சாரத்தை 40 சதவீதம் வரை குறைத்ததாக அறிவித்தது. ஆலோசகர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். தரவு மையத்தில் இரவு பகல் ஒரே மாதிரிச் சுமை, மூலைக்கு மூலை அளவீடு, கவனிக்கத் தனிப் பொறியாளர் குழு எல்லாம் உண்டு. அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டமும் வெள்ளிக்கிழமை வெறுமையும், ஜன்னலோரத்தில் திரையை இழுத்துவிடுபவரும் உண்டு. குறைந்தது ஒரு ஆண்டின் ஒழுங்கான தரவு, சரியான பெயர்கள், வேலை செய்யும் வால்வுகள் எல்லாம் அமைந்தபின் கோளாறு கண்டறியவும் மறுநாள் சுமையைக் கணிக்கவும் இது நிச்சயம் உதவும். குடியேறி இரண்டாவது ஆண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் விலையும் குறையும், தேர்வும் கூடும்.

ஆட்களுக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். திரையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாத கட்டடத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அலாரம் வரும், ஒரு மாதத்தில் எல்லோரும் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். அலாரங்களை உடனே போக வேண்டியவை, இன்றைக்குள் பார்க்க வேண்டியவை, பதிவுக்கு மட்டும் என்று பிரித்து, முதல் வகையைக் கைவிரல் எண்ணிக்கைக்குள் வைப்பது கட்டடத்தை ஒப்படைக்கும் முன் முடிய வேண்டிய வேலை.

ஆலோசகர்களை மறுபடி சந்திக்கும்போது மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இணையம் அறுந்தால் எது நிற்கும்? உங்கள் நிறுவனம் சேவையை நிறுத்தினால் என் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்? சந்தாவை நிறுத்தினால் ஏசி ஓடுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லா அமைப்புகளையும் இணைத்து ஓடவைக்கும் பொறுப்பைச் சிவில், மின், ஏசி ஒப்பந்தக்காரர்களுக்குள் சிதறவிடாமல், ஒரே ஒருங்கிணைப்பாளரிடம், வடிவமைப்புக் கட்டத்திலேயே கொடுங்கள். அவருடைய கட்டணத்தில் ஒரு பகுதியை, கடும் வெயில், மழை, குளிர் என எல்லாப் பருவத்திலும் கட்டடத்தை ஒருமுறை சோதித்துக் காட்டும் வரை, அதாவது ஒப்படைத்து ஓராண்டு ஆகும் வரை, நிறுத்தி வையுங்கள்.